முடவாட்டுக்கால் சூப்பும் மூணு வாக்கியமும்

கொல்லிமலை சுற்றுலா வீடியோ எதை எடுத்தாலும் முடவாட்டுக்கால் சூப் கடை ஒண்ணு வந்துடும். கூடவே மூணு வாக்கியமும் வரும்: இது ஒரு கிழங்கு, கொல்லிமலையில மட்டும்தான் கிடைக்கும், குடிச்சா மூட்டுவலி போயிடும். ஏற்காட்டுக் கடைப் பலகைகளிலும் கிட்டத்தட்ட இதே பாட்டுதான். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல கிழங்கு. சேலம், நாமக்கல் பக்கம் கிழங்குன்னா நமக்கு ஞாபகம் வர்றது குச்சிக்கிழங்கு. குச்சியை நட்டா பத்து மாசத்துல தோண்டிடலாம், மறுபடி நடலாம். முடவாட்டுக்கால் அந்த வகை கிடையாது. இது ஒரு பெரணி. தாவரவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. பூ, காய், விதை எதுவும் கிடையாது. நாம சூப் வைக்கிறது பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படர்ற அதோட தண்டு. மேல இருக்குற பழுப்புச் செதில்தான் ஆட்டுக்கால் ரோமம் மாதிரி தெரியுது.

இதுக்கு ரெண்டு வகை இலை. பச்சை இலையோட அடிப்பக்கம் புள்ளி புள்ளியா இருக்கும், ஸ்போர்கள் உருவாகுறது அங்கதான். இன்னொண்ணு காம்பில்லாத குட்டை இலை. காய்ஞ்சு பழுப்பானாலும் உதிராது. விழுற சருகைப் பிடிச்சு வச்சு மக்க வைக்கும். மண்ணே இல்லாத பாறையில தனக்கான மண்ணை இந்தச் செடியே சேர்த்துக்குது. வீடியோவுல காட்ட வேண்டியது இதைத்தான், ஆனா கேமரா நேரா சட்டிக்குப் போயிடுது.

ரெண்டாவது, 'இங்க மட்டும்'. லின்னேயஸ் 1753லயே பெயர் வச்ச செடி இது. இந்தியா, இலங்கையில தொடங்கி தென்கிழக்காசியா வழியா வட ஆஸ்திரேலியா வரைக்கும் இருக்கு.

மூணாவது, மூட்டுவலி. இந்தத் தண்டின் சாறு வலியையும் வீக்கத்தையும் குறைக்குதான்னு எலிகளை வச்சு ஆய்வுகள் நடந்திருக்கு. சாறு கொடுத்த எலிக்கும் மிளகு, சீரகம் போட்டு ஒரு டம்ளர் குடிக்கிற நமக்கும் நடுவுல ரொம்ப தூரம். சீன மருத்துவத்துல எலும்புக்குக் கொடுக்குறது இதோட உறவுக்காரச் செடி. அதன் பெருமையை இதன் கணக்குல எழுதக்கூடாது.

சூப் நல்லாத்தான் இருக்கும், குடிங்க. என் விமர்சனம் அந்த 'கிழங்கு'ங்கிற சொல் மறைக்கிற விஷயத்தைப் பத்தி. தண்டை வெட்டினா செடியோட உயிர்ப்பகுதியே போச்சு. ஸ்போர்ல இருந்து புதுச்செடி வரணும்னா, அது ஈரத்துல விழுந்து, நகத்தளவு பச்சைத் தகடா முளைச்சு, ஆண் செல் தண்ணியில நீந்திப் போய் முட்டையைச் சேரணும். மலையில பறிச்சுக் கிலோ கணக்குல கூரியர்ல அனுப்புற வேகத்துக்கு இது ஈடுகொடுக்குமா?

தகவலுக்குப் பஞ்சமில்லை. வன அதிகாரி பெட்டோம் தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களோட 1860களிலேயே தொகுத்துட்டார். மாணிக்கமும் இருதயராஜும் எழுதின மேற்குத்தொடர்ச்சி மலைப் பெரணி நூல் 1992லயே வந்தாச்சு. ஏற்காட்டுல ஆர்க்கிடுக்கு 1963ல இருந்து தேசியப் பூங்காவே இருக்கு. ஊட்டித் தாவரவியல் பூங்காவுல பெரணிகளுக்குன்னு ஒரு கண்ணாடி வீடு உண்டு.

கொல்லிமலையிலயும் ஒரு சின்னப் பெரணித் தோட்டம் வரலாம். தண்டுத் துண்டுல இருந்தே இதை வளர்க்க முடியும். சூப்புக்கு வேண்டியதை அங்கேயே வளர்த்து எடுத்தா கடைக்காரங்க பிழைப்பும் நிலைக்கும், பாறையில இருக்குறதும் பிழைக்கும். அதுவரைக்கும் கடைப்பலகையில 'கிழங்கு'க்குப் பக்கத்துல 'பெரணி'ன்னு ஒரு வார்த்தையாவது எழுதலாம்.