'தலைவா': ஒரு விளிச்சொல்லின் பொருள்மாற்றம்

2021 ஏப்ரலில் ரஜினிகாந்துக்குத் தாதாசாகேப் பால்கே விருது அறிவிக்கப்பட்டபோது, இந்தியப் பிரதமர் மோடி தம் ஆங்கில வாழ்த்தில் அவரைத் 'தலைவா' என்றே குறித்தார். இரசிகர் விளித்த சொல் பெயராகவே நின்றது. 2013இல் வெளிவந்த ஷாருக் கானின் 'சென்னை எக்ஸ்பிரஸ்' படத்து 'லுங்கி டான்ஸ்' பாடலும் ரஜினியின் பாணிக்குச் சூட்டிய புகழ்மாலையே.

மாத்தளைத் தோட்டங்களில் 'தலைவர்' என்பதன் பொருள் வேறு. நாட்சம்பளம், கொழுந்து நிறை, லயத்துக் கூரை ஆகியவற்றுக்காகத் துரையிடம் வாதிடும் தொழிற்சங்கத் தோட்டத் தலைவரையே அச்சொல் சுட்டும். அவரிடம் தொழிலாளர் கணக்குக் கேட்பர், கேட்கவும் வேண்டும். திரைத் 'தலைவா'விடமோ நடையையும் சிகரெட் வீச்சையும் வியப்பதோடு அமைகிறோம். நடிகரைப் பொறுத்தவரை இதிற் குறையில்லை. அதே வியப்பு தொழிற்சங்க மேடைக்கும் வருமாயின், கணக்குக் கேட்கும் வழக்கம் மறையும். இச்சொல்லின் தோட்டத்துப் பொருளை நாம் பேணவேண்டுவது இதன்பொருட்டேயாம்.