ஊதுகிற சங்கு

'ஊதுகிற சங்கை ஊதி வைப்போம், விடியும்போது விடியட்டும்' என்று ஒரு பழமொழி உண்டு. பொறுப்பைக் கை கழுவுகிறவனின் வேதவாக்கு. 'சம்பந்தப்பட்டவர்களுக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது' என்று அரசாங்கத் தாளில் படிக்கும்போதெல்லாம் அந்தச் சங்குச் சத்தம்தான் காதில் விழுகிறது. தெரிவித்தார்கள், சரி. தெரிந்ததா?

ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் செய்தியில் கேட்பீர்கள்: 'துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது.' டிரவுசர் போட்ட காலம்தொட்டுக் கேட்டு வருகிறோம். மூன்று என்றால் என்ன, ஏழு என்றால் என்ன என்று பக்கத்து வீட்டில் விசாரித்துப் பாருங்கள். எண் கூடக் கூட ஆபத்து கூடுதல் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை தேறாது. உள்ளபடி அந்தக் கூண்டு நமக்காக ஏற்றப்படுவதே அல்ல, கப்பல்காரர்களுக்கு. அவர்களுக்கு அதன் இலக்கணம் தெரியும். நமக்கு அது வெறும் எண்.

மொத்தம் பதினோரு எண்கள். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். அப்படியானால் பதினொன்று? பத்தை விடப் பெரிய பிரளயம் என்று நினைப்பீர்கள். இல்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்று அர்த்தம். பேச்சு அறுந்துபோவதைப் பத்தாம் எண்ணுக்கும் மேலே தூக்கி வைத்தவன் யாரோ, விஷயம் தெரிந்தவன்!

தகவல் தொடர்பு பற்றிய பாடப்புத்தகங்களைப் புரட்டினால் முதல் பக்கங்களிலேயே ஒரு படம் இருக்கும். இந்தப் பக்கம் அனுப்புநர், அந்தப் பக்கம் பெறுநர், நடுவில் ஓர் அம்புக்குறி. நம் ஊர் விண்ணப்பக் கடிதம் மாதிரியேதான். அந்தப் படத்தின் மூலவர் கிளாட் ஷானன், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர். 1948-இல் அவர் எழுதிய கட்டுரை டெலிபோன் கம்பிக்கானது. இரைச்சலுக்கு நடுவே சிக்னலைச் சேதமில்லாமல் கொண்டு சேர்ப்பது எப்படி என்பது அவர் கவலை. செய்தியின் அர்த்தம் தன் கணக்கில் வராது என்று தொடக்கத்திலேயே ஒதுங்கிக்கொண்டார். யோக்கியமான மனிதர். கம்பிக்குப் போட்ட கணக்கை மனுஷனுக்குப் பொருத்திப் பாடம் நடத்தியது பின்னால் வந்தவர்கள்.

நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இந்தப் படம் அரைகுறை என்று சொல்லித் தரவேண்டியதில்லை. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருக்கிறீர்களா? புலவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். பக்கத்திலிருப்பவர் 'ஆமா' என்பார். அந்த 'ஆமா' விழாமல் கதை அடுத்த அடி வைக்காது. சில இடத்தில் குறுக்குக் கேள்வியும் கேட்பார்: 'அப்படியா? பெறவு என்ன ஆச்சு?' சபையிலிருக்கும் அத்தனை பேருக்கும் அவர் பிரதிநிதி. வீட்டில் ஆச்சி கதை சொன்னாலும் இதே சட்டம்தான். பிள்ளை 'உம்' கொட்டவேண்டும். உம் நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று கதையும் நிற்கும். சொன்னவர் கேட்டவரைக் கவனித்துக்கொண்டே இருக்கிற ஏற்பாடு இது. ஒலிபெருக்கி வந்த பிறகு நாம் தொலைத்தவற்றில் இந்த 'உம்' முக்கியமானது. மைக் பிடித்தவனுக்கு யார் தூங்கினால் என்ன?

இதெல்லாம் கொடைக்கும் கதைக்கும் சரி, உயிர் போகிற காரியத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடி, மார்த்தாண்டந்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று வரிசையாகக் கடற்கரை ஊர்கள். ஆழ்கடல் மீன்பிடிப்பில் பேர்போனவர்கள். காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் இல்லை. ஒருமுறை கடலேறினால் வாரக்கணக்கில், மாதம் தாண்டியும் கடல்தான் வீடு. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி அரபிக்கடலில் கிடப்பார்கள். ஒக்கி வந்தபோதும் அப்படித்தான் கிடந்தார்கள். தமிழ்நாடு, கேரளம் இரண்டிலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பி வரவில்லை. தேடச் சொல்லி டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் சனம் தண்டவாளத்தில் உட்கார்ந்தது.

பிறகு நடந்த வழக்காடலைத்தான் நாம் விமர்சனக் கண்ணோடு பார்க்கவேண்டும். நாங்கள் முன்கூட்டியே எச்சரித்தோம், கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிக்கை விட்டோம் என்றது வானிலைத்துறை. புயல் என்று 30-ஆம் தேதி மதியம்தானே எங்களுக்குச் சொன்னீர்கள் என்றது திருவனந்தபுரம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அங்கேதான் இருக்கிறது சங்கடம்.

அந்த அறிக்கைத் தமிழைக் கொஞ்சம் பிரித்துப் படியுங்கள். மணிக்கு 61 கிலோமீட்டர் வரை காற்று வீசினால் அதன் பெயர் 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்'. 62 ஆனால் 'புயல்'. விஞ்ஞானிக்கு எங்காவது ஒரு கோடு கிழித்தாகவேண்டும், குற்றமில்லை. ஆனால் கேட்கிறவன் மனத்தில் முதல் பெயர் எழுப்புவது என்ன? மழை வரும், பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள், அவ்வளவுதான். தாழ்வு என்ற சொல்லும் மண்டலம் என்ற சொல்லும் சேர்ந்து எந்த வயிற்றிலும் புளியைக் கரைக்காது. போதாக்குறைக்குப் புயல் என்பது நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் நேர்ந்துவிட்ட சமாச்சாரம் என்றே குமரிக்காரர்கள் பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். சொல் காதில் விழுந்தாலும் உள்ளே படம் விரியவேண்டாமா?

அடுத்தது அந்தப் புகழ்பெற்ற வாக்கியம்: 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.' இலக்கணச் சுத்தம். ஆனால் இது யாரைப் பார்த்துச் சொல்வது? கரையில் நிற்பவனை. பத்து நாளுக்கு முன்னாலேயே போய்விட்டவனுக்கு இந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. அவனிடம் சொல்லவேண்டியது 'போகாதே' அல்ல. 'இந்தத் திசையில் விலகு, இந்தத் தீவில் ஒதுங்கு' என்பது. சொல்ல நினைத்தாலும் வழியில்லை. படகிலிருந்த வயர்லெஸ் செட் கரையிலிருந்து சில பத்து மைல்களுக்கு மேல் எட்டாது. சாட்டிலைட் போன் வைத்துக்கொள்ளச் சட்டம் லேசில் விடாது. ஆக, அனுப்புநர் இருந்தார், செய்தி இருந்தது, பெறுநர் முகவரி மட்டும் தப்பு. தபால்காரனாவது 'விலாசதாரர் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புவான். வானிலை அறிக்கை திரும்பி வருவதில்லை.

பெறுநரை அறிந்து சொன்னால் ஒற்றைச் சொல் போதும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2004 டிசம்பர் 26-ஐக் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் மறக்காது. அன்று மையம் கொண்ட நிலநடுக்கத்துக்கு வெகு அருகில் இருந்த தீவு, இந்தோனேசியாவின் சிமெலுவே. எழுபதாயிரத்துக்கும் மேல் சனம். அலையில் செத்தவர்கள் ஏழு பேர் என்கிறது கணக்கு. அங்கே 'ஸ்மோங்' என்று ஒரு சொல் புழங்குகிறது. 1907-இல் ஒரு பேரலை வந்து தீவைத் துடைத்தெடுத்தபோது பிழைத்தவர்கள் அதைக் கதையாக்கி, பாட்டாக்கி, பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள். நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. இவ்வளவுதான் அதன் பொருள். தொண்ணூற்றேழு வருஷம் கழித்து யாரோ 'ஸ்மோங்' என்று கத்தினார்கள், ஊரே மலையேறிவிட்டது. செயற்கைக்கோளும் இல்லை, அறிக்கையும் இல்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் மூன்று தலைமுறையாக 'உம்' கொட்டிய பிள்ளைகள் இருந்தார்கள். நமக்கோ அன்று சுனாமி என்ற சொல்லே புதுசு.

ஒக்கிக்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். 2019-இல் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. எத்தனை தூரம் போனாலும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வந்து சேரும். படகிலிருப்பவர் செல்போனில் படித்துக்கொள்ளலாம். பதில் சொல்ல மட்டும் முடியாது. அதற்கும் முன்னால், 2010 முதல், இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி புழக்கத்தில் இருந்தது. பொத்தானை அழுத்தினால் அபயக் குரல் கரைக்குப் போகும். கேட்டதா இல்லையா என்று படகுக்குத் தெரியாது. ஒன்றுக்குக் காது உண்டு, வாய் இல்லை. மற்றதற்கு வாய் உண்டு, காது இல்லை. நடுக்கடலில் படகு முங்கப் போகிறவன் பொத்தானை அழுத்திவிட்டு, யார் காதிலாவது விழுந்திருக்குமா என்று தெரியாமல் விடிய விடிய இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான் கரை பதில் சொல்லக் கற்றுக்கொண்டது. உன் செய்தி கிடைத்தது என்று படகுக்கு மறுசெய்தி வரும். ராக்கெட் விடத் தெரிந்த தேசம் ஒரு 'உம்' கொட்டக் கடலுக்குள் இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் விசைப்படகுகளுக்கு இரு வழியும் பேசும் கருவிகளை அரசே பொருத்திக் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் விசைப்படகு மட்டுமா கடலில் போகிறது? குமரிக் கரை நெடுக வள்ளமும் கட்டுமரமும் இன்றும் விடியுமுன் இறங்குகின்றன. அவர்களுக்கான அறிக்கை வழக்கம்போல டிவியில் கீழே ஓடுகிறது.