திரையோரத்துப் பூனை

சித்திரப் படங்களைக் குழந்தைகளின் பொழுதுபோக்கென்றெண்ணி நாம் ஆராயாது விட்டுவிடுகிறோம். அப்படங்களின் ஓரத்தில் சிறிது நேரம் தோன்றி மறையும் பூனையைப் பற்றி எழுதப் புகுந்தால், “இதற்கும் ஓர் ஆராய்ச்சியா?” என்று சில அன்பர்கள் நகைக்கவும் கூடும். ஆயினும், கதைத் தலைவனைப் படைக்கையில் விழிப்போடிருக்கும் கலைஞனின் உள்ளம், சிறு வேடத்தைப் படைக்கையில்தான் தன்னையறியாமல் வெளிப்படுகிறது என்பது நமது கருத்து.

1940இல் டிஸ்னி நிலையத்தார் வெளியிட்ட ‘பினோக்கியோ’வில் ஃபிகரோ என்றொரு பூனைக்குட்டி வருகிறது. சுகமாகப் படுத்துவிட்ட அதனைச் சன்னலைத் திறக்குமாறு கிழவர் ஏவுகிறார். அது சலிப்போடு எழுந்து செல்கிறது. அவ்வளவே. ஆனால் உயிருள்ள ஒரு பூனையை நாம் கண்டுவிடுகிறோம். இது கலை.

1950இல் வந்த ‘சிண்டரெல்லா’வைப் பாருங்கள். பெரோ 1697இல் வெளியிட்ட கதையில் இல்லாத ஒரு கரும்பூனையைப் புகுத்தி, அதற்குச் சாத்தானின் பெயராகிய லூசிபர் என்பதையும் சூட்டினர். கருமையே கேடு என்னும் பழைய ஐரோப்பிய மூடநம்பிக்கையன்றி இது வேறென்ன? 1955இல் வந்த ‘லேடி அண்ட் த டிராம்ப்’ படத்திலோ, இரு சயாமியப் பூனைகளுக்குச் சரிந்த கண்ணும், துருத்திய பல்லும், கொச்சை ஆங்கிலமும் கொடுத்தனர். அங்கே பழிக்கப்பட்டது பூனையன்று, ஆசிய மனிதன். 2019இல் அக்கதையை மீண்டும் படமாக்கியபோது வேறினப் பூனைகளையும் வேறு பாட்டையும் வைத்தனர். பிழை உணரப்பட்டதற்கு அதுவே சான்று.

மேனாட்டாரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பிரட்டுக்குப் புறப்பட்டவர் பூனை குறுக்கே போயிற்றென்று வாசலிலேயே தயங்கி நின்ற காலம் பேராக் தோட்டங்களிலும் உண்டு. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனையும் வீடமைப்புகளும் வந்தன. லயத்தை விட்டு ஈப்போ நகருக்குக் குடிவந்தோம். பூனைச் சகுனமோ நம் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிட்டது! திரையில் லூசிபரைக் காணும் குழந்தை, வீட்டில் பாட்டியிடமும் அதே பாடத்தைக் கேட்கிறது.

மாற்று வழியும் உண்டு. ஜப்பானியர் மியாசாக்கி 1989இல் அளித்த ‘கிக்கியின் டெலிவரி சர்வீஸ்’ படத்தில், ஜிஜி என்னும் கரும்பூனை பதின்மூன்று வயதுச் சிறுமிக்குத் தோழனாய் வருகிறது. சூனியக்காரியும் கரும்பூனையும் என்ற அதே பழங்கதைதான். அச்சம் மட்டும் நீக்கப்பட்டு, நட்பு வைக்கப்பட்டுள்ளது.

இஃது நமக்குப் பிறர் காரியமன்று. நம் நாட்டில் 2007இல் தொடங்கிய ‘உப்பின் இப்பின்’ தொடரில் உணவுக்கடை முத்துவும் அவர் மகன் ராஜுவும் கிராமத்தாரோடு வருகின்றனர். ஆனால் கதை அவர்களுடையதன்று. திரையின் ஓரத்தில் நிற்பவரை எவ்வாறு தீட்டுகிறார்கள் என்று கேட்கும் உரிமை, ஓரத்தில் நிற்கும் நமக்கன்றி வேறு யாருக்கு உண்டு?

ஆதலால் பெற்றோரை நாம் வேண்டுவது ஒன்றே. படம் முடிந்ததும் பிள்ளையிடம், “அந்தப் பூனைக்கு ஏன் அந்த நிறம்? ஏன் அந்தப் பெயர்?” என்று கேளுங்கள். பகுத்தறிவு அங்கே தொடங்கட்டும்.