ஆபுத்திரனும் பெயரற்ற படைப்புயிரும்: கைவிடலும் மன்னிப்பும்

அறிவியல் புனைகதையின் தொடக்க நாவலாகத் திறனாய்வாளர் பலர் கொள்ளும் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818), கைவிடப்பட்ட மகவின் கதையாகவும் அமைகிறது. ஆய்வுக்கூடமும் உடற்கூற்றியலும் அதன் புறக்கட்டு. தன்னை உண்டாக்கியவனே தன்னை ஏன் வெறுத்தான் என்னும் வினா அதன் உயிர்நிலை. அதே வினாவை மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன் கதையும் எழுப்புகிறது. ஒன்று மற்றொன்றிற்கு மூலம் என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கைவிடப்பட்டவரிடம் மன்னிப்பு எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு தோன்றாமற் போகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இரு கதைகளின் தொடக்கமும் ஒத்தது. தான் உருவாக்கிய உயிர் கண்விழித்ததும் விக்டர் அஞ்சி ஓடுகிறான். குமரியாடச் செல்லும் வழியில் ஈன்ற குழவியைச் சாலி ஒரு தோட்டத்தில் விட்டுச் செல்கிறாள். ஏழு நாள் பசுவொன்று பாலூட்டிக் காக்கிறது. பின்னர் இளம்பூதி என்னும் அந்தணன் அக்குழவியை எடுத்து வளர்க்கிறான்.

அன்பு கிடைத்தமையால் ஆபுத்திரன் அருளாளன் ஆனான், கிடைக்காமையால் படைப்புயிர் கொலையாளி ஆனது என எளிதில் முடிவு செய்ய இயலாது. அடைக்கலம் இருவருக்கும் பறிபோகிறது. பார்வையற்ற முதியவர் டி லேசி படைப்புயிரிடம் பரிவுடன் பேசுகிறார். அவர் மகன் ஃபீலிக்ஸ் அதனை அடித்து விரட்டுகிறான். வேள்விப் பசுவை மீட்க முனைந்த ஆபுத்திரனை இளம்பூதியும் தன் மனையிலிருந்து நீக்குகிறான்.

வேறுபாடு, தம் பிறப்பைப் பற்றிய செய்தி இருவரையும் வந்தடையும் விதத்தில் உள்ளது. படைப்புயிர் தான் எடுத்துவந்த ஆடையின் பையில் விக்டரின் நாட்குறிப்பைக் காண்கிறது. அதிலுள்ளது அருவருப்பு மட்டுமே. ஆபுத்திரனின் பிறப்பை அவனை இழிவுபடுத்தும் பொருட்டு ஓர் அந்தணன் அவையில் வெளியிடுகிறான். ஆனால் அவ்வசையினுள், குழவியைக் கைவிட்ட தீவினைக்கு உய்வுண்டோ எனச் சாலி அழுத செய்தியும் அடங்கியுள்ளது (காதை 13). அவையினர் அதில் இழிவைக் கேட்கின்றனர். மகனோ முனிவர் சிலரின் பிறப்பு வரலாற்றை எடுத்துக்காட்டி, சாலியிடம் தவறு உண்டோ என வினவி நகைக்கிறான். தாயின் கழிவிரக்கம் பகைவர் வாய்வழியே வந்தும் மகனைச் சேர்ந்துவிடுகிறது.

விக்டரிடம் அத்தகைய கழிவிரக்கம் இல்லை. இறக்கும் தறுவாயிலும் தன் நடத்தையில் குற்றம் காணாதவன் அவன். படைப்புயிரே அவனது சடலத்தின்முன் மன்னிப்பு வேண்டுகிறது. மன்னிக்க வேண்டியவனோ உயிருடன் இல்லை.

தாயும் மகனும் மீண்டும் சந்திக்கும் காட்சியைச் சாத்தனார் அமைக்கவில்லை. ஆகவே இங்கு மன்னிப்பு என்பது உறவு மீட்சியன்று. தென்மதுரையில் சிந்தாதேவி அளித்த அமுதசுரபியால் ஆபுத்திரன் பிறர் பசி தீர்க்கிறான். மணிபல்லவத்தில் அவன் விடுத்த அப்பாத்திரம் மணிமேகலையின் கையை அடைந்து, வறட்சியுற்ற காஞ்சி நகரத்தாரின் பசியையும் ஆற்றுகிறது (காதை 28). அந்நகரிலேயே பிரிந்திருந்த மாதவியும் மகளும் மீண்டும் கூடுகின்றனர். ஆபுத்திரனுக்கு வாய்க்காத சந்திப்பு, அவன் பாத்திரம் சென்றடைந்த ஊரில் மற்றொரு தாய்க்கும் மகளுக்கும் வாய்க்கிறது.