வேட்டை இல்லாத வேட்டைப் படம்

பதினான்காம் லூயி மன்னரின் புகழைத் தூரிகையால் வளர்த்தவர்களில் ஒருவரான ஆடம் ஃபிரான்ஸ் வான் டெர் மியூலன் பிரெஞ்சுக்காரர் அல்லர். 1632இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்து, பீட்டர் ஸ்னயர்ஸ் என்னும் போர்க்கள ஓவியரிடம் பயின்றவர். 1664இல் பாரிஸுக்கு அழைக்கப்பட்டு, கோபெலின் அரச தொழிற்கூடத்தில் இடம் பெற்றார். மன்னரும் பிரபுக்களும் வேட்டைக்குப் புறப்படும் காட்சியை அவர் பலமுறை தீட்டியிருக்கிறார். பரோக் கலை என்றதும் தேவாலயங்களின் விதான ஓவியங்களையே நினைப்போர் இப்படங்களையும் நின்று காண வேண்டும்.

இவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. முன்புறம் ஒரு மேடு. ஓரத்தில் நெடிய மரம். மேட்டின்மீது சரிகை அங்கியும் இறகுத் தொப்பியும் அணிந்து குதிரையேறிய பிரபுக்கள். அவர்களுக்கப்பால் நிலம் தாழ்ந்து விரிய, நீலம் படர்ந்த தொலைவில் ஒரு மாளிகை. மேலே அகன்ற வானம். குதிரையின் தசையும் மேனி மினுக்கும் தேர்ந்த கையால் வரையப்பட்டவை என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால், வேட்டை எங்கே? மான் இல்லை. நாய்களோ படத்தின் கீழ் மூலையில் ஒதுங்கியிருக்கின்றன. அரபு இலக்கியத்தில் தர்திய்யாத் எனப்படும் வேட்டைப் பாடல்களைப் பயின்றவர்க்கு இது வியப்பாகவே இருக்கும். அவையும் வைகறைப் புறப்பாட்டில்தான் தொடங்குகின்றன. ஆயினும், மதுப்பாடல்களால் மட்டுமே நினைக்கப்படும் அபூ நுவாஸ் (அது அவருக்கு நாம் செய்யும் அநீதி) வேட்டைக்குச் சென்றால், நாயின் விலாவும் ராஜாளியின் கண்ணும் பாடலை நிறைத்துவிடும்; வேட்டைக்காரன் மறைந்துபோவான். வான் டெர் மியூலனிடம் நிலைமை தலைகீழ். ஆளும் அங்கியும் எஞ்ச, விலங்கு மறைந்துவிடுகிறது.

காரணத்தை அறிய, அவருடைய முற்றுகைப் படங்களை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1667இல் மன்னர் ஃபிளாண்டர்ஸ்மீது படையெடுத்தபோது ஓவியரும் உடன் சென்றார். லீல் நகரின் முற்றுகையைத் தீட்டினார். அங்கும் அதே மேடு, அதே குதிரைகள், அதே தாழ்நிலம். மாளிகை இருந்த இடத்தில் வீழவிருக்கும் நகரம். வேட்டையும் படையெடுப்பும் அவருக்கு ஒரே சட்டகத்தில் அடங்கின. அன்று ஸ்பானிய ஆட்சியின் கீழிருந்த லீலும் அவர் பிறந்த பிரஸ்ஸல்ஸும் ஒரே நெதர்லாந்துப் பகுதியைச் சேர்ந்தவை என்பதை எண்ணுகையில், அந்த வானத்தின் அமைதி நம்மை உறுத்துகிறது.

மேட்டுக்கும் மாளிகைக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தையே நாம் மீண்டும் மீண்டும் பார்க்கிறோம். இப்படங்களின் உண்மையான பொருள் அதுதான் என்பது நம் கருத்து. 1669இல் வெளியான நீர்நிலை, வனச் சட்டம் வணிகர், கைவினைஞர், குடியானவர் ஆகியோர் வேட்டையாடுவதை முற்றாகத் தடுத்தது. பயிர் தண்டு விட்டபின் விளைநிலத்தில் வேட்டையாடலாகாது எனப் பிரபுக்களுக்கும் அதே சட்டம் தடை விதித்தது உண்மையே. ஆனால் தன் கோதுமையை மேயும் மானைக் கொல்லும் உரிமை உழவனுக்கு இல்லை. சில தலைமுறைகளுக்குப் பின், 1789இல் மன்னருக்கு அனுப்பப்பட்ட முறையீட்டு ஏடுகளில் வேட்டை உரிமை பற்றிய குறைகள் குவிந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் பிரபுக்களின் தனியுரிமைகள் நீக்கப்பட்டபோது இதுவும் நீங்கியது.

ஓவியர் இதையெல்லாம் கண்டிக்க எண்ணியவர் அல்லர். ஊதியம் தந்தவர் விரும்பியதை வரைந்தார், 1690இல் பாரிஸிலேயே மறைந்தார். எனினும் இடங்களை நேரில் கண்டு வரையும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதனால் அத்தாழ்நிலத்தை அவர் வெறுமையாக விடவில்லை. பாதைகள் இருக்கின்றன, வேலிகள் இருக்கின்றன, உழுத நிலத்தின் கோடுகள் மெல்லிய பச்சையிலும் பழுப்பிலும் ஓடுகின்றன. மேட்டில் நிற்போரில் எவரும் அப்பக்கம் பார்ப்பதாகத் தெரியவில்லை.