ரங்கத் கடலோரத்தில் ஒரு டூரிங் சைக்கிள்

சைக்கிள் விமர்சனம் என்றாலே எடை எத்தனை கிலோ, கியர் எத்தனை என்றுதான் தொடங்குவோம். மத்திய அந்தமானில், ரங்கத் பஜாரிலிருந்து கத்பர்ட் பே வரையிலான சுமார் 20 கிலோமீட்டர் சாலையில் முழுச் சுமையோடு மிதித்த பிறகு என் வரிசை மாறிவிட்டது. இந்தக் கரையில் முதலில் பார்க்க வேண்டியது உப்பு. அடுத்தது ஈரம். அதற்கும் அடுத்தது விளக்கு.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீல் ஃப்ரேம், 700க்கு 38 டயர், முன்னால் 48, 38, 28 பல் கொண்ட மூன்று பல்சக்கரங்கள், பின்னால் 11 முதல் 34 பல் வரை எட்டு கியர், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். பின் கேரியரில் இரண்டு பக்கமும் வாய் சுருட்டி மூடும் வாட்டர்ப்ரூஃப் பைகள். கூடாரம், பாய், துணி, டூல்ஸ், நான்கு லிட்டர் தண்ணீர் என்று சுமை 14 கிலோவைத் தொட்டது.

சைக்கிளை ரங்கத்துக்குக் கொண்டுபோகக் கப்பல்தான் நல்ல வழி. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தரைவழியாகவும் வரலாம். ஆனால் அந்தச் சாலை ஜாரவா பழங்குடிக் காப்பகத்தைக் கடந்து வருகிறது. ஜிர்காடாங்கிலிருந்து வண்டிகளைப் போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் அனுப்புவார்கள்; நடுவில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. சைக்கிள் மிதித்துப் போகும் பாதை இல்லை அது. அந்த மக்களைத் தொந்தரவு செய்யாமல் இருக்க அதுதான் சரி.

ரங்கத்தை விட்டதும் சாலை ஏறி இறங்கிக்கொண்டே போகிறது. பெரிய மலை எதுவும் கிடையாது. சட்டென்று வந்து சட்டென்று முடியும் மேடுகள்தான். 28 பல் கொண்ட பல்சக்கரத்தின் அருமை இங்கேதான் தெரிகிறது. பின்னால் 34க்குப் போட்டால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 1.8 மீட்டர்தான் நகரும். மெதுவாகத்தான் போவோம். ஆனால் இறங்கித் தள்ள வேண்டியிருக்காது, முட்டியும் தாங்கும். இன்று ஃபேஷனாக விற்கும் முன்னால் பல்சக்கரம் ஒன்றே கொண்ட மாடல்களில் பலவற்றுக்கு இவ்வளவு இறங்கும் கியர் இல்லை. சுமை ஏற்றிப் போகிறவர்கள் கடையிலேயே பல்லை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். சாலை பெயர்ந்து ஜல்லி கிடந்த இடங்களில் 38 டயர் தடுமாறவில்லை. மெலிந்த 28 டயரோடு இங்கே வரவே வேண்டாம்.

எட்டு கிலோமீட்டரில் ஆம்குஞ்ச் கடற்கரை. மரக்கட்டைகளாலேயே செய்த பெஞ்சுகளும் குடில்களும், கரையில் பாறை, அதற்கப்பால் கடல். அதைத் தாண்டினால் மோரிஸ்டேரா. இரண்டு இடத்திலும் சைக்கிளை மணலில் இறக்காமல் சாலையோரத்திலேயே நிறுத்தினேன். இதை ஒரு சிபாரிசாகவே சொல்கிறேன். ஈர மணல் செயினில் பட்டால் எண்ணெயோடு சேர்ந்து உப்புக்காகிதம் போல் பல்லை அராவும். டிஸ்க் பிரேக் தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் சகதியும் மணலும் அதை எளிதில் எட்டுவதில்லை. ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக்காக இருந்தால் ஒவ்வொரு பிடிக்கும் கரகரவென்று ரிம்மையே தேய்த்திருக்கும்.

உப்பு செய்யும் வேலையை மறுநாள் காலையில் பார்த்தேன். மழை இல்லை, வண்டி தண்ணீரில் இறங்கவும் இல்லை. இரவு முழுக்கக் கடற்காற்றில் நின்றது, அவ்வளவுதான். செயினின் வெளித்தகட்டில் எண்ணெய் துடைபட்டிருந்த இடமெல்லாம் செம்மஞ்சளாகப் பூத்திருந்தது. கண்ணிகளுக்குள் எண்ணெய் இருந்த இடம் சுத்தமாக இருந்தது. பாட்டில் கூட்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டின் தலையிலும் துரு. கேரியர் போல்ட்டுகள் எவர்சில்வர் என்பதால் அவற்றில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆக, அந்தமானுக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய மேம்பாடு, சில நூறு ரூபாயில் எல்லா போல்ட்டையும் எவர்சில்வருக்கு மாற்றுவது. செயினுக்கு மழைக்காலத்தில் போடும் கெட்டியான எண்ணெய். ராத்திரி வண்டியை நிறுத்தியதும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள்.

தானி நாலாவில் அலையாத்திக் காட்டுக்குள் ஏறத்தாழ 700 மீட்டருக்கு மரப்பலகை நடைபாதை. அது போய் முடிகிற இடம் கடற்கரை. காட்டின் வேர்களுக்கு நடுவே ஏறி இறங்கும் ஓதத்தை நின்று பார்க்க வேண்டும். ஆனால் அங்குள்ள ஓடையில் கால் நனைக்கக் கூடாது. இந்தத் தீவுகளின் ஓடைகளில் உவர்நீர் முதலைகள் உண்டு. பஜாரில் டீக்கடை வைத்திருக்கும் தமிழர், கூடாரப் பையைப் பார்த்ததுமே, “ராத்திரி ஓடைப்பக்கம் படுக்காதீங்க தம்பி” என்றார். கேட்டுக்கொள்ள வேண்டிய பேச்சு.

வழிகாட்டும் செயலி விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் ரங்கத்துக்கும் வருகிறது. பஜாரில் இணையம் நன்றாகவே கிடைத்தது, கடலோரச் சாலையில் விட்டு விட்டுத்தான். ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் அந்தமான் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டேன். இலவசம், விளம்பரம் இல்லை, மேடு பள்ளத்தையும் காட்டுகிறது. போதும்.

விளக்குக்கு வருவோம். அந்தமானிலும் சென்னையிலும் கடிகாரம் ஒரே மணிதான் காட்டுகிறது. சூரியன் மட்டும் இங்கே சுமார் 50 நிமிடம் முன்னால் மறைகிறது. டிசம்பரில் மாலை 5 மணி சுமாருக்கே பொழுது சாய்ந்துவிடும். மதியம் மூன்றுக்கு மேல் புதிதாக எங்கும் கிளம்பாதீர்கள். நான் கொண்டுபோன யுஎஸ்பி முன்விளக்கு சாலைக்குப் போதுமானது. அதைவிட எனக்குப் பயன்பட்டது, தலையில் மாட்டும் விளக்கிலிருந்த சிவப்பு ஒளி. கத்பர்ட் பே ஒரு வனவிலங்குச் சரணாலயம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வருகின்றன. வெள்ளை வெளிச்சம் பட்டால் கரையேறும் ஆமை திரும்பிவிடும். பொரித்து வரும் குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து செத்துப்போகும். சிவப்பு ஒளி இல்லாத தலைவிளக்கை இந்தப் பயணத்துக்கு வாங்கவே வாங்காதீர்கள். சிவப்பு ஒளி இருந்தாலும் வனத்துறை ஆள் இல்லாமல் கரைக்குப் போகாதீர்கள்.

கூடாரத்தையும் அந்தக் கரையில் போடக் கூடாது. சாலைக்கு உள்பக்கம், ஒரு வீட்டுக்காரரிடம் கேட்டு அவர் தென்னந்தோப்பில் போட்டேன். கம்பிகளே தாங்கி நிற்கும் ரகம் என்பதால் மண் இளகியிருந்தும் சாயவில்லை. அடிக்கும் முளைகளை மணற்பாங்கான மண் பிடிக்காது. பைகளில் மண் நிரப்பி முளைக்குப் பதில் கட்டினேன். கூடாரத்தின் வலையைப் பொறுத்தவரை எனக்குத் திருப்தி இல்லை. கொசு வராது, ஆனால் கொசுவைவிடச் சிறிய மணல் பூச்சி கண்ணி வழியாகவே புகுந்துவிடுகிறது. அது கடித்த தடிப்பு அரித்துக்கொண்டே இருக்கும். கடையில் வலையை விரலால் இழுத்துப் பாருங்கள். கண்ணி தெரிந்தால் வேண்டாம். விடிகாலையில் கூடாரத்தின் உட்துணி முழுக்க வியர்த்திருந்தது. மேல்துணியை இரண்டு பக்கமும் பாதி திறந்து வைத்தால் குறையும்.

அடுப்பு கொண்டுபோகவில்லை. விமானத்தில் கேஸ் சிலிண்டரை ஏற்ற முடியாது. பஜாரில் பரோட்டாவும் மீன் குழம்பும் பார்சல் கட்டிக்கொள்வதே சுலபம். பவர் பேங்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

சைக்கிளுக்கு என் ஓட்டு தாராளமாக உண்டு. பைகளுக்கும் அப்படியே, ஒரு சொட்டு ஈரம் உள்ளே போகவில்லை. கூடாரத்தை இந்த வலையோடு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புதிதாகச் செலவு செய்ய ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால், சிவப்பு ஒளி உள்ள தலைவிளக்கையும் எவர்சில்வர் போல்ட்டுகளையும் வாங்கிக்கொண்டு, இருக்கும் சைக்கிளிலேயே டிசம்பரில் ரங்கத்துக்குக் கிளம்புங்கள்.