கப்பலுக்கு முகம் எந்தப் பக்கம்?

1935இல் பிரெஞ்சு ஓவியர் கசாந்த்ர் 'நார்மண்டி' கப்பலுக்காக வரைந்த சுவரொட்டியில் நாம் ஏறக்குறைய நீர்மட்டத்தில் நிற்கிறோம். கப்பலின் முன்முனையான கறுத்த அணியம் நம்மை நோக்கி வானளவு எழுகிறது. அதன் அடியில் தண்ணீரை ஒட்டிச் சில சின்ன வெள்ளைப் பறவைகள். கப்பல் எவ்வளவு பெரிது என்று சொல்ல அவை போதும். உள்ளே எத்தனை அறை, என்னென்ன வசதி என்பதற்குப் படத்தில் இடமே இல்லை. 2023இல் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலின் கணினிப் படம் ஒன்று உலகம் முழுக்கப் பரவிக் கேலிக்கு ஆளானது. அதில் நாம் கப்பலுக்குப் பின்னால், உயரத்தில் இருக்கிறோம். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய்ச் சறுக்குக் குழாய்கள், குளங்கள், மாடி மேல் மாடியாகப் பால்கனிகள். கடலைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கப்பல் பிரியர்களின் வழக்கு இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் நடக்கிறது. துறைமுகச் சுவரோரம் கேமராவோடு காத்திருப்பவர்கள், மூடிப்போன கம்பெனிகளின் அஞ்சலட்டைகளைச் சேர்ப்பவர்கள், ஓய்வுபெற்ற மாலுமிகள், வரைகலை படித்தவர்கள் எனப் பலதரப்பட்ட கூட்டம் இது. இன்றைய உல்லாசக் கப்பல்கள் அசிங்கமாக இருக்கின்றன என்பது இவர்களில் பெரும்பாலோரின் புகார். புகாரில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் தேறாது.

பழைய பயணக் கப்பல்களான லைனர்களின் அழகு என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள்? முதலில் தளத்தின் வளைவு. நடுவில் தாழ்ந்து, அணியத்திலும் பின்முனையான அமரத்திலும் மெல்ல உயரும் கோடு. அலை ஏறி வராமலிருக்கச் செய்த ஏற்பாடு அது, கண்ணுக்கும் இதமாக அமைந்துவிட்டது. அடுத்து, பின்புறம் சாய்ந்த புகைபோக்கிகள். நின்ற இடத்திலும் ஓடுவதுபோல் காட்டும் சாய்வு. பிறகு அமரத்தில் படிப்படியாக இறங்கும் திறந்த தளங்கள், கறுப்பு உடலின் மேல் வெள்ளை மேற்கட்டு. வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸ் வடிவமைத்து 1952இல் ஓடத் தொடங்கிய 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' கப்பலின் இரண்டு பெரிய புகைபோக்கிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவர்கள் நிறுத்தமாட்டார்கள்.

இந்தப் பக்தியில் ஓர் ஓட்டை இருக்கிறது. 'டைட்டானிக்'கின் நான்காவது புகைபோக்கி முக்கியமாகக் காற்றோட்டத்துக்கானது. கொதிகலன் புகை அதில் போகவில்லை. 'நார்மண்டி'யின் மூன்றாவதும் போலிதான். விளாதிமிர் யூர்கேவிச் வடிவமைத்த அந்தக் கப்பலில் புகைவழிகளை இரு ஓரங்களுக்கும் பிரித்துக் கொண்டுபோனதால் நடுவில் பெரிய கூடங்கள் தடையின்றி நீண்டன. அவ்வளவு நுட்பமாக யோசித்தவர்களே வெளித்தோற்றத்தின் சமநிலைக்காக ஒரு பொய்யையும் நட்டு வைத்தார்கள். 1998இல் வந்த 'டிஸ்னி மேஜிக்' இதே வித்தையைத் திரும்பச் செய்தது. கறுப்பாகத் தெரியும் கருநீல உடல், இரண்டு சிவப்புப் புகைபோக்கிகள். அவற்றில் முன்னது வெறும் அலங்காரம். உயிர்காப்புப் படகுகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும் என்ற விதிக்கு விலக்கு வாங்கி, மிக்கி மவுஸின் மஞ்சளைப் பூசினார்கள். கப்பல் பிரியர்கள் அதை மன்னித்துவிட்டார்கள். பழைய சாயல் இருந்தால் எதையும் மன்னிப்பார்கள்.

ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துப் புதுக் கப்பலைத் திட்டியிருக்கிறது. 1959இன் 'ராட்டர்டாம்' வழக்கமான புகைபோக்கிக்குப் பதில் பின்பக்கத்தில் இரண்டு மெல்லிய குழாய்களை வைத்துக்கொண்டு வந்தபோது முகம் சுளித்தவர்கள் பலர். 1961இல் பி அண்ட் ஓ கம்பெனியின் 'கான்பெரா' எந்திரத்தைப் பின்னுக்குத் தள்ளி, புகைபோக்கிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தியது. 1969இல் 'க்யூஇ2' வந்தபோது அதன் ஒல்லியான புகைபோக்கியில் குனார்டு கம்பெனியின் சிவப்பே இல்லை. ஃபாக்லாந்து போர் முடிந்த பிறகுதான் அந்தச் சிவப்பு ஏறியது. எந்திரத்தை டீசலுக்கு மாற்றிய 1986-87இல் புகைபோக்கி தடித்தது. இன்று இந்த மூன்றும் இதே பிரியர்களின் பூஜையறையில் இருக்கின்றன. ஆகவே 'இப்போது வருவதெல்லாம் அசிங்கம்' என்ற குரலைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும். ஆனால் 1969 வரை நடந்தது கோடுகளின் மாற்றம். அதற்குப் பின் நடந்தது வேறு.

லைனர் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஆளைக் கொண்டுசேர்க்கும் வண்டி. அதற்கு வேகம் வேண்டும். நீண்டு ஒடுங்கிய உடலும் கூரிய அணியமும் அதனால் வந்தவை. அந்த வேலையை ஜெட் விமானம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பல் தங்கும் விடுதியானது. விடுதிக்கு அறைதான் வருமானம், பால்கனி உள்ள அறைக்கு வாடகை அதிகம். 1984இன் 'ராயல் பிரின்சஸ்' எல்லா அறைகளுக்கும் கடல் பார்க்கும் வெளிப்புறச் சுவரைக் கொடுத்துக் காட்டியது. அடுத்த இருபது ஆண்டுகளில் பால்கனி இல்லாத கப்பலை விற்பதே பாடாகிவிட்டது. ஒரே அளவுள்ள பால்கனிகளை வரிசையாக அடுக்க வளைந்த தளம் ஒத்துவராது. கட்டும் முறையும் அப்படித்தான். எஃகுத் தகடுகளைக் கொட்டகைக்குள் பெரிய துண்டங்களாகச் செய்து, கிரேனில் தூக்கி ஒட்டுகிறார்கள். நேர்க்கோடு மலிவு. உயிர்காப்புப் படகுகள் மேல்தளத்திலிருந்து கீழே இறங்கிக் கப்பலின் விலாவில் குழி வெட்டி உட்கார்ந்தன. அவற்றுக்கு மேலே முழுச் சுவரும் அறைகளுக்குக் கிடைத்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. கப்பலின் மொத்த டன்னேஜ் என்பது எடையல்ல, மூடிய இடத்தின் கொள்ளளவு. அதைப் பெருக்கச் சுருக்கமான வழி பெட்டி. 1996இல் 'கார்னிவல் டெஸ்டினி' ஒரு லட்சத்தைத் தாண்டியது. பனாமா கால்வாயின் பழைய மதகுகளுக்குள் நுழைய முடியாத அகலம் அதற்கு. 'ஐகான்' 2,48,663. நீளமோ 365 மீட்டர், 'நார்மண்டி'யைவிட ஐம்பது மீட்டர்தான் கூடுதல். வளர்ச்சியெல்லாம் உயரத்திலும் அகலத்திலும் போயிருக்கிறது. பிரியர்களின் கண்ணை உறுத்துவது இந்த விகிதம்தான் என்று நினைக்கிறேன். காரணம் தெரியாமல் புகைபோக்கியையும் நிறத்தையும் திட்டுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 1923இல் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே தம் புகழ்பெற்ற நூலில் லைனர்களின் படங்களைப் போட்டு, கட்டடக்காரர்களே இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்ற தொனியில் எழுதினார். அலங்காரமில்லாத வெள்ளைச் சுவர், கம்பிக் கைப்பிடி, நீண்ட தளம். நூறு ஆண்டில் கப்பல் கட்டடத்திடம் பாடம் கேட்க வந்துவிட்டது. 2017இன் 'எம்எஸ்சி சீசைட்' மயாமி கடற்கரை அடுக்குமாடிகளின் சாயலை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டது.

பழைய தோற்றத்தை இன்று கொண்டுவர முடியாதா? கப்பல் வடிவமைப்பாளர் ஸ்டீபன் பெய்ன் கொண்டுவந்தார். 2004இல் ஓடத் தொடங்கிய 'குயின் மேரி 2' வட அட்லாண்டிக்கைக் கடக்கவே கட்டிய கப்பல். நீண்ட முன்தளம், தடித்த எஃகு, அலையை உடைக்க 'நார்மண்டி'யை நினைவூட்டும் தடுப்பு. அட்லாண்டிக் அலைகளைக் காரணம் காட்டி, படகுகளை விதி சொன்ன 15 மீட்டருக்குப் பதில் 25 மீட்டர் உயரத்தில் தொங்கவிட அவர் அனுமதி வாங்கினார். அந்த ஒரு முடிவே கப்பலின் முகத்தைப் பாதி மாற்றிவிட்டது. புகைபோக்கி மட்டும் குட்டை. நியூயார்க்கின் வெரசானோ பாலத்துக்கு அடியில் போக வேண்டுமே. அறை கட்டியிருக்கக்கூடிய இடத்தை வெறும் முன்தளமாக விடுவது செலவான காரியம். அதனால்தான் அந்த வகையில் இரண்டாவது கப்பல் வரவில்லை.

மற்றவர்கள் வண்ண டப்பாவைத் திறந்தார்கள். ஜெர்மனியின் 'ஐடா' கப்பல்களின் அணியத்தில் சிவந்த உதடுகள். 1996இல் ரோஸ்டாக் ஓவியர் ஃபெலிக்ஸ் பியூட்னர் போட்டது. அது ஒரு வணிகச் சின்னம், அந்த அளவில் சிரித்துவிட்டுப் போகலாம். நார்வீஜியன் கம்பெனி பல கப்பல்களுக்கும் ஓவியர்களைப் பிடித்தது. 2013இன் 'பிரேக்அவே'யில் பீட்டர் மேக்ஸின் நியூயார்க் காட்சி, 2018இன் 'பிளிஸ்'ஸில் வைலண்டின் திமிங்கிலங்கள். கடலில் மிதக்கும் பொருளின் மேல் கடலை வரைவதில் எனக்கு உடன்பாடில்லை. வடிவம் சரியில்லை என்று தெரிந்தவர் பூசும் ஒப்பனை அது. இதே கம்பெனியின் 2010 'எபிக்' கப்பலில் மாலுமி அறைக்கு மேலே ஏற்றிய பெரிய பெட்டியை எந்த ஓவியராலும் மறைக்க முடியவில்லை. அசிங்கமான கப்பல்களைப் பிரியர்கள் வரிசைப்படுத்தினால் அதற்கு எப்போதும் ஓர் இடம் உண்டு.

வடிவத்திலேயே துணிந்து கைவைத்த கப்பல் ஒன்றின் கதை நம் நாட்டில் வந்து முடிகிறது. 1990இல் இத்தாலியின் மான்ஃபல்கோனே தளத்தில் கட்டி முடிந்து வந்தது 'கிரவுன் பிரின்சஸ்'. வடிவமைத்தவர் பாரிஸின் பொம்பிது மையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான ரென்சோ பியானோ. மாலுமி அறைக்கு மேலே உருண்டு வழுவழுத்த குவிமாடம். பக்கவாட்டில் பார்த்தால் டால்பினின் தலை. பின்னால் நிமிர்ந்த சதுரப் புகைபோக்கி. பிரியர்கள் அன்றே இரண்டு கட்சியானார்கள். நான் ஆதரிக்கும் கட்சிதான் சிறியது. முகம் வேண்டும் என்று யோசித்து முகம் வைத்த கப்பல் அது. பின்னால் அது கைமாறி ஜெர்மனிக்குப் போனது. முதலில் அணியத்தில் ரோஜா ஏறியது, 'ஐடாபிளு' ஆனபோது உதடுகள் ஏறின. டால்பினுக்கு உதட்டுச் சாயம் பூசியதைப் பியானோ எப்படிப் பொறுத்துக்கொண்டாரோ. ஆஸ்திரேலியாவில் 'பசிபிக் ஜுவல்' என்று பெயர் மாறி, 2019இல் 'கர்ணிகா'வாக மும்பைக்கு வந்தது. மறு ஆண்டு கொரோனாவில் அதை ஓட்டிய கம்பெனி மூடியதும் குஜராத்தின் ஆலங் கடற்கரையில் உடைப்புக்குப் போய்ச் சேர்ந்தது. சிறகு வைத்த புகைபோக்கிகளுக்குப் பேர்போன 'பிரான்ஸ்' கப்பலும் அதே கரையில்தான் துண்டானது.

புகைபோக்கியை வைத்து விளையாடியவர்களும் உண்டு. 1970இன் 'சாங் ஆஃப் நார்வே' சியாட்டில் கோபுரத்தைப் பார்த்துப் புகைபோக்கியில் ஒரு மதுக்கூடத்தை மாட்டியது. கார்னிவலுக்கு ஜோ ஃபார்கஸ் திமிங்கில வால்போல் இரண்டாகப் பிரியும் புகைபோக்கியைச் செய்துகொடுத்தார். புகையை இரு ஓரமும் தள்ளும் வேலையும் அது செய்கிறது. 1998இன் 'கிராண்ட் பிரின்சஸ்' அமரத்தின் மேலே ஒரு நடனக்கூடத்தைக் குறுக்குச் சட்டமாக நிறுத்த, கடைத் தள்ளுவண்டியின் கைப்பிடி என்று பட்டப்பெயர் விழுந்தது. 2011இல் அதைக் கழற்றிவிட்டார்கள். கேலி செய்தவர்களே அன்று வருத்தப்பட்டதுதான் விசேஷம்.

கப்பலின் அழகு பயணியை மட்டும் சேர்ந்ததல்ல என்று உரக்கச் சொன்ன ஊர் வெனிஸ். ஜானி பெரெங்கோ கார்டின் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் ஓட்டு வீடுகளுக்கும் மணிக்கூண்டுகளுக்கும் பின்னால் வெள்ளைச் சுவராய்க் கப்பல்கள் நகர்கின்றன. 2015இல் அந்தப் படங்களின் கண்காட்சியை நகர மேயர் நிறுத்திவைத்தார். அது பிறகு வேறிடத்தில் நடந்தது. 2019 ஜூனில் 'எம்எஸ்சி ஓபரா' கரையிலும் சுற்றுலாப் படகிலும் மோதியது. 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜுதெக்கா கால்வாயில் வரத் தடை. தடைச் சட்டத்தில் 35 மீட்டர் என்ற உயர வரம்பும் இருக்கிறது. ஊருக்கு முன்னால் கப்பல் எவ்வளவு உயரம் நிற்கலாம் என்று அரசு எழுதிவைத்தது எனக்குப் பிடித்த செய்தி.

இந்த நூற்றாண்டின் கப்பல்களில் எனக்குத் தேறுபவை, பெட்டி என்பதை மறைக்காதவை. 2009இன் 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' மேற்கட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து நடுவில் மரம் வளர்த்தது. பின்னாலிருந்து பார்த்தால் அந்தப் பிளவு தெரியும், கப்பலுக்கு ஓர் அமைப்பு கிடைக்கும். 2022இன் 'எம்எஸ்சி வேர்ல்ட் யூரோப்பா' அமரத்தில் ஒய் எழுத்தாக விரிந்து, 104 மீட்டர் நீளத் திறந்த வீதியைக் காட்டுகிறது. அதன் செங்குத்தான அணியம் பழைய கப்பல்களின் நேர் அணியத்துக்கு உறவு. 'செலிப்ரிட்டி எட்ஜ்' தன் விலாவில் ஏறி இறங்கும் ஆரஞ்சு மேடையை ஒளிக்காமல் மாட்டியிருக்கிறது. 'ஐகான்' எனக்குத் தேறவில்லை. காரணம் அளவல்ல. மேலே போட்டிருப்பதெல்லாம் வானிலிருந்து எடுக்கும் விளம்பரப் படத்துக்காகப் போட்டவை. கரையில் நிற்பவனுக்கு மிஞ்சுவது சுவர்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'கார்டீலியா எம்பிரஸ்', அடுத்த ஆண்டு காங்கேசன்துறைக்கும் போனது. அதுவும் பியானோவின் கப்பல் வந்த அதே 1990இல் பிரான்ஸில் கட்டியதுதான். 48,563 டன்னேஜ், பால்கனிகள் குறைவு. பால்கனிக் காலத்துக்கு முந்திய உருவத்தை அதில் இன்னும் பார்க்கலாம். இப்படி ஒரு கப்பலைக் கரையிலிருந்து பார்க்க வாய்த்தால், எத்தனை மாடி என்று எண்ணுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். படகுகள் எந்த உயரத்தில் தொங்குகின்றன, தளக்கோடு எங்காவது வளைகிறதா, அணியத்துக்கும் முதல் அறைக்கும் நடுவில் எவ்வளவு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.